கோயில் மணந்த பைண்ட்

பெப்ரவரி 12, திங்கள்

பப்பின் சொந்தக்காரக் கம்பனியின் கடிதம் இன்று காலை வந்தது. போன வாரம் பரிசோதனைக்கு வந்த மிஸிஸ் ஹாஸ்லம் எங்கள் பிட்டருக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டிருக்கிறார். "பழைய ஈரத்துணி வாடை" என்று கீழே ஒரு குறிப்பு. மார்ச் மூன்றாம் தேதிக்குள் இன்னொரு தடவை சொல்லாமல் வருவாராம். அதிலும் தவறினால் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள். குத்தகை என்றால் கீழே இருக்கும் பப் மட்டுமில்லை, மேல்மாடியில் இருக்கும் எங்கள் வீடும் சேர்த்துத்தான்.

அதுவரைக்கும் நிலவறையில் என்ன செய்கிறேன் என்று தினமும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் "ருசியும் மணமும் பார்த்தவர்" என்று கையெழுத்து. அறுபத்தொரு வயதில் வீட்டுப்பாடம்! அவர்களுக்கு இங்கிலிசில் ஒரு கொப்பி, எனக்குத் தமிழில் இது. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதிக்கொள்ளலாம்.

இந்த ஹோல்ம்பெரி கிராமத்தில் இருநூறு வீடு, ஒரு பப். 'த ஹெரன்' என்று பெயர், நாரை. பதினொரு வருடமாக நானும் மனைவி றஞ்சியும் நடத்துகிறோம். நாங்கள் வந்தபோது ஆறு மாதம் தாக்குப்பிடிப்போமா என்று பந்தயம் கட்டினார்கள். மூன்றாம் வருடமே வட்டாரத்தின் சிறந்த பிட்டர் என்று கேடயம் வாங்கினோம். பிட்டர் என்பது இந்த நாட்டுப் பழைய பியர். செம்பு நிறம், கசப்பு. ஐஸ் மாதிரிக் குளிர வைக்கக் கூடாது. நிலவறைக் குளிரில் பீப்பாயைக் கிடத்தி, கைப்பம்பால் மேலே இழுத்துக் கொடுக்க வேண்டும்.

ஈரத்துணியாம்! நிறம் கண்ணாடி போல இருந்தது. நாக்கில் கசப்பும் சரியாகத்தான் இருந்தது. அந்த மனுசிக்கு அன்றைக்கு என்ன பிரச்சினையோ.

பொங்கலன்று பிடித்த தடிமன் இன்னும் முற்றாக விடவில்லை.

பெப்ரவரி 13, செவ்வாய்

புது பீப்பாய் இறக்கினேன். மேலே துளையில் காற்றுப் புகும் மென்மர முளை ஒன்றை அடித்து, வாயு வெளியேற விட்டேன். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, அது அடங்கித் தெளிய இரண்டு மூன்று நாள் வேண்டும். அவசரப்படுத்த முடியாது. திறந்த பிறகு மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும். ஏனென்றால் மேலே ஒரு பைண்ட், அரை லீட்டருக்குச் சற்றுக் கூட, போனால், அந்த முளைத் துளை வழியாக ஒரு பைண்ட் அளவு நிலவறைக் காற்று உள்ளே போகும். அதனால்தான் நிலவறையில் வெங்காயம்கூட வைக்கக் கூடாது என்பது என் சட்டம்.

தெளியும்வரை பம்பின் முன்னே இருக்கும் பெயர்ப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம். "இன்றைக்கு இல்லை" என்று அர்த்தம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திருப்பாமல் கெட்டதை விற்றால்தான் பேச்சு.

பெப்ரவரி 14, புதன்

பால் அடிப்பிடித்தது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். றஞ்சி மாடியின் மற்றக் கோடியிலிருந்து ஓடிவந்தாள். கவனக்குறைவு.

பெப்ரவரி 16, வெள்ளி

பீப்பாய் தெளிந்துவிட்டது. பலகையை முன்பக்கம் திருப்பினேன். கொப்பியில் கையெழுத்துப் போட்டேன்.

காலையில் றஞ்சி ஒரு போத்தலை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். "இஞ்ச, இந்தத் தேங்காயெண்ணெய் பழுதாப் போச்சோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

முகர்ந்து பார்த்தேன். "நல்லாத்தானே கிடக்கு" என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போத்தலைக் குப்பையில் போட்டாள். போடுவதாக இருந்தால் என்னை ஏன் கேட்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்குச் சாம்பிராணி நாள். நான் குளிக்கிற நேரத்தில் சட்டியோடு வீடு முழுக்கச் சுற்றுவாள். குளித்துவிட்டு நிலவறைக்குப் போனேன், படியில் சாம்பல் நிறத்தில் தூள். பழைய சுவர், சுண்ணாம்பு உதிர்கிறது போல. கூட்டிவிட்டேன்.

பெப்ரவரி 17, சனி

டெரெக் இன்று பைண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

டெரெக் எழுபத்து நாலு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனி ஆள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்து ஜன்னலோர ஸ்டூலில் உட்காருவார். புது பீப்பாயின் முதல் பைண்ட் அவருக்குத்தான், பதினொரு வருட வழக்கம். கேடயம் வாங்கிய அன்று என்னைத் தோளில் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர். என் பெயரைச் சுருக்கி 'விம்' என்பார். அவருடைய இங்கிலிசை நான் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதப்போகிறேன், அவருக்கு அதுதான் பொருந்தும்.

ஒரு வாய் குடித்தார். கிளாஸுக்குள் மூக்கை விட்டார். கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

"விம், இது சேர்ச் மாதிரி மணக்குது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொன்று இழுத்துக் கொடுத்தேன். அதையும் தள்ளினார். நான் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். கசப்பு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு. வேறொன்றும் இல்லை.

"உங்களுக்கு வயசு போட்டுது டெரெக்" என்றேன். அவர் லெமனேட் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பதினொரு வருடத்தில் அந்த மனிதர் லெமனேட் குடித்து நான் பார்த்ததில்லை.

பெப்ரவரி 19, திங்கள்

குழாய்களை மருந்து விட்டுக் கழுவினேன். பம்பைக் கழற்றிப் பூட்டினேன். கிளாஸ் கழுவும் மெஷினின் வடிகட்டியைக்கூட மாற்றினேன். சனி, ஞாயிறில் ஒன்பது பேர் பிட்டரைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். முறைப்பாடு சொல்பவனைச் சமாளிக்கலாம். சொல்லாமல் விட்டுப்போகிறவனை என்ன செய்வது?

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். மிஸிஸ் ஹாஸ்லத்தின் கார் பச்சை நிறம்.

பெப்ரவரி 21, புதன்

பச்சைக் கார் ஒன்று நின்றது. தபால் அலுவலகத்துக்கு வந்த யாரோ. அதற்குள் நான் பம்பை இரண்டு தரம் துடைத்துவிட்டேன்.

பெப்ரவரி 23, வெள்ளி

புது பீப்பாய் திறந்தேன். கையெழுத்து. மறுபடியும் படியில் அந்தத் தூள். ஒரு கரித்துண்டும் கிடந்தது. இந்தக் கட்டடம் எங்கள் தலையில் இடிந்து விழுவதற்குள் குத்தகை முடிந்துவிடும் போல.

றஞ்சி மத்தியானம் கேட்டாள்: "டொக்டரிட்டை ஒருக்காப் போட்டு வருவமே, அப்பா?"

"எதுக்கு?"

"சும்மாதான். தடிமன் விடேல்லையெண்டு சொன்னனீங்கள்."

"எனக்கு ஒண்டுமில்லை. நீர் உம்மட வேலையைப் பாரும்."

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 24, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பன்னிரண்டு மணி. பப் நிறைந்த கூட்டம். டெரெக் ஒரு வாய் குடித்தான். எல்லாருக்கும் கேட்கும்படி, "விம், நான் போன கிழமை பிழையாச் சொல்லிப்போட்டன். இது சேர்ச் இல்லை. உன்ர கோயில். கோடையில என்னைத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனியே, அங்க மணந்த அதே மணம்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு நான் லண்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கதிரைக்காரன் ஜன்னலைத் திறந்துவிட்டு, "இவன் மணக்கிறான்" என்றான். இந்த நாட்டில் என் காதில் ஒழுங்காக விளங்கிய முதல் வசனம் அதுதான். முப்பத்தெட்டு வருடம் அதை மறந்தது போல இருந்து பார்த்தேன். இவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் நிறுத்தி, தட்டில் சோறு வாங்கிக் கொடுத்தது இதற்குத்தானா?

"வெளியில போ" என்றேன். "இனி இந்த வாசலுக்கு வராதே."

சிரிப்பு நின்றது. "நான் பியரைப் பற்றித்தான் சொன்னனான், விம்" என்றான்.

"வெளியில."

தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். மேசையில் தட்டிச் சிரித்தவன் உட்பட யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. றஞ்சி சமையலறைக் கதவில் நின்றாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

பெப்ரவரி 26, திங்கள்

எதிரே பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் டெரெக் உட்கார்ந்திருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு வந்தான். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. ஒன்றிலும் ஏறவில்லை. ஒரு மணிக்கு எழுந்து போனான்.

வழக்கமான ஆட்கள் மூன்று பேர்தான் வந்தார்கள். மூன்று பேரும் சைடர் என்ற ஆப்பிள் மதுவைத்தான் குடித்தார்கள்.

பெப்ரவரி 27, செவ்வாய்

இன்று நான் செத்திருப்பேன். றஞ்சியையும் கொன்றிருப்பேன்.

காலை பத்து மணி. கீழே பப்பின் சமையலறை மேசையில் கம்பனிக் கொப்பியை எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்குப் போன றஞ்சி பின்கதவைத் திறந்தாள். பையைக் கீழே போட்டாள். "ஐயோ முருகா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பைத் திருகினாள், ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள், என் சட்டையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தாள். அடுப்பு அணைந்து, காஸ் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு நேரமோ.

"உதுக்குள்ளயே இருந்தனீங்களோ? ஒண்டுமே தெரியேல்லையோ உங்களுக்கு?"

முற்றத்துக் குளிரில் அவள் அழத் தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும், அப்பா. பொங்கல் முடிஞ்ச நாளில இருந்தே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எழுதிவிடுகிறேன். எனக்கு மணம் தெரியாது. தடிமன் பிடித்த அன்றே அது போய்விட்டது. உப்பு, புளி, கசப்பு நாக்கில் படுகிறது. மற்றது ஒன்றும் இல்லை. கோப்பி, மல்லி, மழை, றஞ்சியின் தலைமயிர், ஒன்றுமே இல்லை. கம்பனிக் கொப்பியில் போட்ட கையெழுத்து அத்தனையும் பொய். மிஸிஸ் ஹாஸ்லம் சொன்ன ஈரத்துணி வாடையும் உண்மையாகத்தான் இருக்கும், கெட்ட பீப்பாயைத் தெரியாமல் விற்றிருக்கிறேன். பிட்டர் விற்கிறவனுக்கு மூக்கில்லை என்று வெளியே தெரிந்தால் யார் இவனிடம் பப்பைக் கொடுத்து வைப்பார்கள்? அதுதான் பயம். இந்தக் கொப்பியிடம்கூடச் சொல்லப் பயந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "கண்ணூறுதான் எண்டு நினைச்சன். உங்களுக்கும் சுகம் வரட்டும், பியரும் சரிவரட்டும் எண்டு, வெள்ளிக்கிழமையில நிலவறைக்கும் சாம்பிராணி காட்டினனான். உங்களுக்குச் சொன்னால் கத்துவியள். நீங்கள் குளிச்சிட்டு வரேக்குள்ள அங்க புகை மண்டிப் போய்க் கிடக்கும். அதுக்குள்ளால நடந்து போவியள். ஒண்டும் கேக்க மாட்டியள்."

படியில் கிடந்த சாம்பல். கரித்துண்டு. மேலே போன ஒவ்வொரு பைண்டுக்கும் ஒரு பைண்ட் அளவு சாம்பிராணிப் புகை பீப்பாய்க்குள் போயிருக்கிறது.

உன் கோயில் மணக்குது என்று டெரெக் சொன்னார். உண்மையைச் சொன்னார். இந்த ஊரிலேயே உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே மனிதரை நான் எல்லார் முன்னாலும் நாயை விரட்டுவது போல விரட்டிவிட்டேன்.

பெப்ரவரி 28, புதன்

திறந்திருந்த பீப்பாயைச் சாக்கடையில் ஊற்றினேன். நிலவறைச் சுவர், தரை, படி எல்லாம் இரண்டு பேரும் தேய்த்துக் கழுவினோம். நாள் முழுக்க இரண்டு விசிறியும் ஓடின. றஞ்சி மூலைக்கு மூலை முகர்ந்துகொண்டே வந்து, "இஞ்ச இன்னும் கிடக்கு, தேயுங்கோ" என்றாள். அடைத்திருந்த புது பீப்பாய்க்கு மாலையில் முளை அடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு டெரெக் எதிரே உட்கார்ந்திருந்தார். வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். என்ன சொல்வது?

மார்ச் 1, வெள்ளி

றஞ்சி சாம்பிராணிச் சட்டியோடு மேல்மாடியைச் சுற்றிவிட்டு, நிலவறைப் படிக்கு மேலே ஒரு நிமிடம் நின்றாள். "முருகா, இஞ்ச நிண்டே கும்பிடுறன்" என்றுவிட்டுத் திரும்பினாள்.

மிஸிஸ் ஹாஸ்லம் வரவில்லை. இன்னும் இரண்டு நாள்தான்.

மார்ச் 2, சனி

காலை பதினொன்றரை. பியர் தெளிந்துவிட்டது. கிளாஸுக்குப் பின்னால் பத்திரிகையை வைத்து வாசிக்கலாம். ஆனால் கண் சொல்வதை மட்டும் நம்பி நாற்பத்தொன்று வாங்கியாயிற்று.

"நீர்தான் பாக்கோணும்" என்றேன்.

ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு சொட்டுக் குடிக்காதவள். கிளாஸை எடுத்து, வீட்டில் தண்ணீர் குடிப்பது போலவே உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றப் போனாள். "அப்பிடியில்லை. மூக்கைக் கிளாஸுக்குள்ள விடும்" என்றேன். விட்டாள். ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிப்போயிற்று.

"உதுக்கே இந்தச் சனம் சண்டை பிடிக்குது?"

"மணத்தைச் சொல்லும்."

"ஏதோ காய் மணம். கொய்யாக்காய் மாதிரி."

"பச்சை ஆப்பிளோ?"

"அப்பிடியும் சொல்லலாம்."

"இல்லாட்டிப் பழ மணமோ? தோடம்பழத் தோல்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? முன்னம் எப்ப குடிச்சனான் நான்?"

பச்சை ஆப்பிள் என்றால் பியர் இன்னும் முற்றவில்லை. ஆரஞ்சுப் பழம் என்றால் சரியான பதம். இரண்டுக்கும் நடுவே கொய்யாக்காயை வைத்துவிட்டாள். அவளிடம் மூக்கு இருக்கிறது, பழக்கம் இல்லை. என்னிடம் பழக்கம் இருக்கிறது, மூக்கு இல்லை.

அப்போது வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பச்சைக் கார்.

மிஸிஸ் ஹாஸ்லம் கோட்டைக் கழற்றி மாட்டினார், வெப்பமானியும் குறிப்புப் புத்தகமுமாக உட்கார்ந்தார். "ஒரு அரை பைண்ட் பிட்டர், தயவுசெய்து."

பம்பின் பிடியில் கை வைத்தேன். உள்ளே ஆறேழு பேர். போன சனிக்கிழமை இருந்தவர்கள்தான். ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், தொப்பியோடு டெரெக்.

பிடியை விட்டேன். "ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்றேன். ஏப்ரனோடு தெருவைக் கடந்தேன்.

டெரெக் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்கள் சொன்னது சரி" என்றேன். "என்ர மனிசி நிலவறையில சாம்பிராணி போட்டிருக்கிறா. எனக்குத் தெரியேல்லை. எனக்கு மணமே தெரியாது டெரெக். ஜனவரியில இருந்து."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அது வேற விஷயம்" என்றார். "என்னை வெளியில போகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது."

"உள்ள வாங்கோ. இதுவும் எல்லாருக்கும் கேக்கட்டும்."

வந்தார். அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மிஸிஸ் ஹாஸ்லம் உட்பட எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் மூக்கு போய்விட்டது, டெரெக் சொன்னது பொய்யில்லை, பிழை என்னுடையது, மன்னிப்புக் கேட்கிறேன் என்று. மிஸிஸ் ஹாஸ்லத்தின் பேனா புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது.

டெரெக்குக்கு ஒரு பைண்ட் இழுத்துக் கொடுத்தேன். மூக்கை விட்டார். ஒரு வாய், இன்னொரு வாய்.

கிளாஸை வைத்தார். கையை நீட்டிப் பம்பின் பெயர்ப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"பச்சை ஆப்பிள். நாளைக்குச் சரிவரும்."

மிஸிஸ் ஹாஸ்லத்திடம், "இன்றைக்கு பிட்டர் இல்லை" என்றேன்.

"இன்றைக்கு நீங்கள் ஊற்றித் தந்தால் மதிப்பெண் போட வேண்டியது என் வேலை" என்றார். "ஊற்றாததற்கு நான் மதிப்பெண் போட முடியாது. நாளைதான் கடைசி நாள், தெரியும்தானே?"

"தெரியும்."

கோட்டை எடுத்துக்கொண்டு போனார். டெரெக் லெமனேட் கேட்டார்.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகக் கம்பனிக் கொப்பியை எடுத்து, பெப்ரவரி 12 முதல் போட்ட என் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "மணம் பார்க்கவில்லை" என்று எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் எழுதாமல் இருந்துதான் இவ்வளவும் வந்தது.

பதினொரு மணிக்கு றஞ்சி கிளாஸுக்குள் மூக்கை விட்டாள். "கொய்யாக்காய் மணம் போயிட்டுது" என்றாள். பன்னிரண்டு மணிக்கு டெரெக் குடித்தார். பலகையை முன்பக்கம் திருப்பிவிட்டுத் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்றைய கட்டத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். றஞ்சி தமிழில் போட்டாள்.

மிஸிஸ் ஹாஸ்லம் ஒன்றேகாலுக்கு வந்தார். முதலில் கொப்பியைப் படித்தார். வெட்டிய கையெழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார்.

"இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

"அவ" என்று றஞ்சியைக் காட்டினேன். "அவவுக்குச் சந்தேகம் வந்தால், அவர்."

"எனக்குச் சம்பளம் ஒரு பைண்ட்" என்றார் டெரெக் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பகிடி, ஆனால் இன்னும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்கு நாள் எடுக்கும்.

பரிசோதகர்கள் இரண்டு வாயோடு கிளாஸை வைத்துவிடுவார்கள். மிஸிஸ் ஹாஸ்லம் அரை பைண்டையும் முடித்தார். புத்தகத்தில் எழுதினார், என் பக்கம் திருப்பிக் காட்டினார். எண்பத்து நாலு. கீழே குறிப்பு எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தது. எனக்கு ஒரு அரை பைண்ட் இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நாக்கில் கசப்பு. அவ்வளவுதான். மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டொக்டர்மார் சொல்வார்களாம். புதன்கிழமை போகிறோம்.

றஞ்சி எதிரே வந்து உட்கார்ந்தாள். கிளாஸை என் கையிலிருந்து வாங்கினாள், மூக்கை உள்ளே விட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல வேப்பம்பூ வறுக்கிற மணம்" என்றாள். "பேந்து தோடம்பழத் தோல். காய்ஞ்ச தோல். அடியில கொஞ்சம் சர்க்கரை, பனஞ்சர்க்கரை மாதிரி. கடைசியில ஈர மண்."

கிளாஸைத் திருப்பித் தந்தாள்.

"இப்ப குடியுங்கோ" என்றாள். "நான் திரும்பச் சொல்லுறன்."